தொலைநோக்கி வாங்குவோர் அறியவேண்டியவை

தொலைவிலுள்ள பொருளை அருகில் கொணர்ந்து காட்டும் கண்ணாடி மனிதன் கைக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1608-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், அத்தகைய கருவி ஒன்றைத் தம் நாட்டு ஆட்சி மன்றத்தார் முன் வைத்து, அதற்குத் தனியுரிமை வேண்டினார். மன்றத்தார் அக்கருவியைக் கண்டு மகிழ்ந்ததோடு அமையாமல், இரு கண்களாலும் பார்க்கத்தக்க ஒன்றைச் செய்து தருமாறும் பணித்தனர். அடுத்த ஆண்டிலேயே கலிலியோ தொலைநோக்கியை வானத்தின்பால் திருப்பினார். அது முதல் இக்கண்ணாடி வானநூலாருக்கும் மாலுமிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் உற்ற துணையாயிற்று. காலப்போக்கில் வேட்டைக்காரர்களின் துப்பாக்கி மீதும் ஏறி அமர்ந்தது.

துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் அச்சிறு தொலைநோக்கியைப் பற்றி நாம் முதலில் சிறிது அறிந்துகொள்வது நன்று. ஏனெனில், ஒரு பார்வைக் கருவியை நம்பலாமா, நம்பலாகாதா என்னும் வினா மிகக் கடுமையாக எழுந்தது அங்கேதான். அக்குழலினுள் இரண்டு மெல்லிய இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். இழைகள் சந்திக்கும் புள்ளியை விலங்கின் உடலில் உரிய இடத்தில் நிறுத்தி விசையை இழுக்கவேண்டும். துப்பாக்கி வெடிக்கும்போது பின்னோக்கி உதைக்கும். அந்த உதையினால் இழைகள் மயிரிழை அளவு நகர்ந்துவிட்டாலும், நூறு கஜத்துக்கு அப்பால் குண்டு பல விரற்கடை தள்ளிப் பாயும். ஆகவே, நல்ல கண்ணாடிக்கு இலக்கணம் மூன்று என்று தேர்ந்த வேட்டைக்காரர்கள் வகுத்தனர். உதைத்தாலும் குறி மாறக்கூடாது. மழையிலும் பனியிலும் உள்ளே ஆவி படியக்கூடாது. அந்தி மங்கலிலும் தெளிவாகக் காட்டவேண்டும். எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பது அவர்களுக்கு அடுத்த கேள்வியே.

குறி தவறினால் விளையும் தீங்கு வேட்டைக்காரரோடு நின்றுவிடுவதில்லை. இன்றைய உத்தரகண்ட மாநிலத்திலுள்ள சம்பாவத் என்னும் ஊரையடுத்த மலைப்பகுதியில், 1907-ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட் ஒரு பெண் புலியைச் சுட்டு வீழ்த்தினார். அப்புலிக்கு இரையானோர் 436 பேர் என்று அவர் எழுதியுள்ளார். அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்துக் கோரைப்பற்கள் இரண்டும் முறிந்திருந்தன. முன்னொரு நாள் யாரோ சுட்ட குண்டு உயிரைப் போக்காமல் பல்லை மட்டும் உடைத்துச் சென்றிருந்தது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போன விலங்கு மனிதரைத் தேடி வந்தது என்பது அவர் கண்ட முடிவு. பெயர் தெரியாத ஒருவரின் பிழைபட்ட குறி, மலையூர்கள் பலவற்றைப் பல ஆண்டுகள் அச்சத்தில் ஆழ்த்திவிட்டது.

அக்காலம் இன்று கடந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு நம் நாட்டில் இடமில்லாமற் செய்துவிட்டன. மனித உயிருக்கோ பயிருக்கோ ஊறு விளைவிக்கும் விலங்கு குறித்து உரிய அதிகாரி எழுத்து மூலம் அனுமதி அளிப்பது போன்ற சில விதிவிலக்குகளே எஞ்சியுள்ளன. வேட்டை என்னும் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளும் மிக விரிவானது. சுடுவது மட்டுமன்று, வலை விரித்துப் பிடிப்பதும், துரத்துவதும், காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ சிதைப்பதும் அதனுள் அடங்கும். வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் நாம், ஊர் வழக்கம் என்று யாரேனும் சொல்வதை நம்பி இவற்றில் இறங்கிவிடலாகாது.

துப்பாக்கி விலகிய இடத்தில் கண்ணாடி மட்டும் எஞ்சி நிற்கிறது. ராஜஸ்தானத்தில் பரத்பூரை அடுத்துள்ள கேவலாதேவ் சதுப்பு நிலம் இம்மாற்றத்துக்கு நல்ல சான்று. அது பரத்பூர் மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. அங்குள்ள கற்பலகை ஒன்றில், எந்த நாளில் யாருடைய வருகையின்போது எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் வீழ்ந்த பறவைகள் 4,273. அந்நிலமே 1982-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகி, 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் கழுத்தில் தொங்குவது தோட்டாப் பையன்று, தொலைநோக்கியே.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி பிறந்த நாளும் நவம்பர் 12 தான், ஆண்டு 1896. சிறுவனாயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் ஒரு சிட்டைச் சுட்டார். கீழே விழுந்த சிட்டின் தொண்டையில் வழக்கத்துக்கு மாறாக மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று அறிவதற்காகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அன்று தொடங்கிய தேட்டம், 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூலாக வளர்ந்தது. தமிழ் மக்களுள்ளும் இத்துறையில் பெயர் பெற்றவர் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன், கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இயற்கைக் குறிப்புகள் எழுதிவந்தார்.

எண்கள் கூறும் பொருள்

இனித் தொலைநோக்கி வாங்கும் முறையைக் கவனிப்போம். கடைக்காரர் பைனாகுலர் என்று எடுத்து வைக்கும் இருகண் தொலைநோக்கியின் மேல் 8×42 என்றோ, 10×50 என்றோ பொறித்திருப்பதைக் காணலாம். முதல் எண் பெருக்கத்தைக் குறிக்கும். எட்டு மடங்குப் பெருக்கம் என்றால், எண்பது மீட்டர் தொலைவில் உள்ள பறவை பத்து மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும். இரண்டாம் எண், பொருளை நோக்கி இருக்கும் முன் வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வது. பெருக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கடைவீதிகளில் 60 மடங்கு, 100 மடங்கு என்று எழுதி விற்பவர்களின் முதலீடு இந்த எண்ணந்தான்.

உண்மை வேறு. பறவை எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிகிறதோ, நம் கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். தாங்குகட்டை இல்லாமல் வெறுங்கையால் பிடிப்பதற்குப் பத்து மடங்கே ஏறக்குறைய எல்லை. அதற்கு மேற்பட்டால் மூச்சு விடும்போதெல்லாம் பறவை துள்ளும். மேலும், பெருக்கம் கூடுந்தோறும் ஒரே பார்வையில் அகப்படும் பரப்பு சுருங்குகிறது. நல்ல எட்டு மடங்குக் கருவியில், ஆயிரம் மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 120 முதல் 140 மீட்டர் அகலமுள்ள பரப்பைக் காணலாம். இலைகளுக்கிடையே தாவும் சிட்டைத் தேடிப் பிடிப்பதற்கு இந்த அகலம் இன்றியமையாதது. ஏரியின் நடுவே அசையாமல் மிதக்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்ப்பவருக்குப் பத்து மடங்கு உதவலாம்; சோலையிலும் தோட்டத்திலும் பார்ப்பவருக்கு எட்டு மடங்கே ஏற்றது. பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடியதாகச் செய்யப்பட்ட மலிவான கருவிகளை முதன்முறை வாங்குவோர் தவிர்ப்பது நலம், அவற்றின் பார்வை குறுகியது, படமும் மங்கலாயிருக்கும்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பார்ப்பது எளிய கணக்கு. ஆனால் மிகப் பயனுள்ளது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால் வரும். கருவியின் பின்புறம் வெளிப்படும் ஒளிவட்டத்தின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர் என்பது பொருள். நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும்; இருட்டில் இளைஞருக்கு ஏழு வரை விரியும்; முதியோருக்கு ஐந்துக்கு மேல் விரிவது அரிது. 8×25 என்னும் சட்டைப்பைக் கருவியின் ஒளிவட்டம் மூன்று மில்லிமீட்டரே, உச்சிவெயிலில் அது போதும், விடியற்காலையில் போதாது. பறவைகளோ பெரும்பாலும் விடியலிலும் மாலையிலுமே சுறுசுறுப்பாக இயங்குகின்றன. 7×50 கருவியின் வட்டம் ஏழு மில்லிமீட்டர். கடலில் இரவுக்காவல் புரியும் மாலுமிக்கு உகந்தது. ஆனால் அறுபது வயதுடையவருக்கு அதில் ஒரு பகுதி ஒளி கண்ணுக்குள் புகாமலே வீணாகும். எனவே, எல்லாவற்றையும் சீர்தூக்கின், பொதுப் பயனுக்கு 8×42 என்னும் அளவே முதற்கண் கருதத்தக்கது. அதன் எடையும் பெரும்பாலும் 600 முதல் 800 கிராமுக்குள் அமையும். கழுத்தும் கையும் வலிக்கும் என்று அஞ்சுவோர் 8×32 அளவை எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியும் பூச்சும்

ஒரே எண்களைத் தாங்கிய இரு கருவிகளுள் ஒன்று மற்றொன்றைப்போல் பல மடங்கு விலை பெறுவது ஏன் என்று நேயர்கள் வியக்கலாம். விடை கண்ணாடியின் உள்ளே இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பங்கைத் திருப்பி எறிந்துவிடும். தொலைநோக்கியின் உள்ளே பத்துப் பரப்புகள் இருப்பின், நூறு பங்கில் 66 பங்கே கண்ணை வந்தடையும். எஞ்சிய ஒளியும் சும்மா மறைவதில்லை. உள்ளேயே அலைந்து படத்தின்மேல் வெண்புகைபோல் படரும். 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் சைஸ் தொழிலகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ஸ்மாகுலா, மிக மெல்லிய மேற்பூச்சு ஒன்றினால் இந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். இன்று நல்ல கருவிகளில் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது. பரப்பொன்றுக்கு ஏற்படும் இழப்பு நூற்றுக்கு அரைப் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. முன் வில்லையைக் கடையின் குழல்விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்க்கவேண்டும். விளக்கின் பிம்பம் மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பூச்சு இல்லை. மாணிக்கம்போல் செக்கச்செவேலென்று பளபளக்கும் வில்லைகளும் சந்தையில் உண்டு. பார்ப்பதற்கு அழகாயிருக்கும் அந்தச் சிவப்பு, காட்சிக்கு வேண்டிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதனால் ஏற்படுவது. அவற்றின் வழியே பார்த்தால் உலகம் பசுமை படர்ந்து தோன்றும்; பறவையின் நிறத்தை நம்பமுடியாது.

முன் வில்லை தலைகீழான படத்தையே தரும். அதை நிமிர்த்துவதற்காக உள்ளே முப்பட்டைக் கண்ணாடிகளை அமைக்கிறார்கள். இத்தாலிய நாட்டு இக்னாசியோ போரோ 1854-ஆம் ஆண்டில் பதிவு செய்த அமைப்பில் குழல்கள் வளைந்து, தோள் அகன்று இருக்கும். பிற்காலத்தில் பரவிய கூரை அமைப்பில் குழல்கள் நேராகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். நேர்க்குழல் கருவி கைக்கு அடக்கமானது. நீர்ப்புகாமல் செய்வதற்கும் எளிது. எனினும், அதன் கண்ணாடிகளை மிக நுட்பமாகத் தேய்த்து, அதற்கென்றே உள்ள தனிப்பூச்சையும் இட்டாலன்றிப் படம் கூர்மை பெறாது. ஆதலால், குறைந்த விலையில் வாங்குவோருக்கு வளைகுழல் கருவியே பெரும்பாலும் தெளிவான காட்சியைத் தரும். பழைய வடிவம் என்று அதை இகழவேண்டியதில்லை.

ஈரமும் பூஞ்சையும்

வேட்டைக்காரர் வகுத்த இலக்கணங்களுள் இரண்டாவது இங்கு நினைவுக்கு வருகிறது. கொங்கணக் கரையிலும் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் வாழும் நேயர்கள், மழைக்காலத்தில் அலமாரியிலுள்ள தோற்செருப்பின்மீதும் பூஞ்சை படர்வதை அறிவார்கள். அதே பூஞ்சை கண்ணாடியின் உட்புறத்திலும் சிலந்தி வலைபோல் கிளைக்கும். முற்றவிட்டால் மேற்பூச்சையே அரித்துவிடும். பின்னர்த் துடைத்தும் பயனில்லை. இதைத் தடுப்பதற்காகத்தான் நல்ல கருவிகளின் மூட்டுகளில் ரப்பர் வளையங்களை இட்டு, உள்ளே உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி அடைக்கிறார்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் வெளிக்கண்ணாடியில் ஆவி படிவது இயல்பு; அது சற்று நேரத்தில் மறையும். உட்புறத்தில் படிந்தால் அக்கருவியின் அடைப்பு பழுதுபட்டது என்று கொள்ளவேண்டும். விளம்பரத்தில் நீர் தெறித்தால் தாங்கும் என்பதும், நீர் புகாது என்பதும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க.

வீட்டில் வைக்கும் முறையும் முக்கியமானது. ஈரம் தங்கும் தோலுறையில் மாதக்கணக்கில் மூடி வைக்கலாகாது. இறுக மூடும் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைப்பது நல்லது. வில்லையில் தூசி படிந்தால் முதலில் காற்றால் ஊதி, பின்பு மென்மயிர்த் தூரிகையால் அகற்றி, கடைசியிலேயே மெல்லிய துணியைத் தொடவேண்டும். வேட்டித் தலைப்பாலும் புடவைத் தலைப்பாலும் அழுத்தித் துடைப்பது, மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

நம் கண்ணுக்கு ஏற்றவாறு

மூக்குக்கண்ணாடி அணிவோர் இன்னும் ஒன்றைக் கேட்டறியவேண்டும். பின் வில்லையிலிருந்து எத்தனை தொலைவில் கண் இருந்தால் முழுக்காட்சியும் தெரியும் என்பதே அது. அத்தொலைவு பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால், மூக்குக்கண்ணாடியுடன் பார்ப்பவருக்குக் காட்சியின் ஓரங்கள் வெட்டுண்டு, சாவித்துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். பின்புறத்து ரப்பர் கிண்ணங்களை மடக்கவோ திருகி இறக்கவோ இயலுகிறதா என்றும் பார்க்கவேண்டும். துப்பாக்கிக் கண்ணாடியில் இத்தொலைவு மூன்று நான்கு அங்குலம் இருக்கும். உதைக்கும் குழல் புருவத்தைக் கிழிக்காமல் இருப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆகவே அதைக் கழற்றிப் பறவை பார்க்கப் பயன்படுத்தலாம் என்று எவரேனும் கூறினால் ஏற்கவேண்டியதில்லை. அதன் பார்வைப் பரப்பும் குறுகியது. ஒற்றைக் கண்ணுக்கே உரியது.

பலர் நல்ல கருவியை வாங்கியும் தலைவலிக்கிறது என்று மூலையில் போட்டுவிடுவதற்குக் காரணம், அதைத் தம் கண்ணுக்குப் பொருத்தத் தெரியாமையே. முதலில் நடுக்கீலை மடக்கி, இரு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியுமாறு செய்யவேண்டும். பின்பு தொலைவிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றை நோக்கி, வலக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருகி, இடக்கண்ணுக்கு எழுத்துகள் தெளியும்படி செய்யவேண்டும். அடுத்து இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலப்புறத்து வில்லையின் வளையத்தை மட்டும் திருகித் தெளிவைக் காணவேண்டும். பெரும்பாலான கருவிகளில் இந்த வளையம் வலப்புறத்திலேயே அமைந்திருக்கும். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால், அதன் பின் நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

கடையின் உள்ளிருந்தே பார்த்து வாங்குவது கூடாது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாயிலுக்கு வந்து, தெருக்கோடி வரை நோக்கவேண்டும். முதலாவதாக, கருவியைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, வெளுத்த சுவரை நோக்கி, பின் வில்லைகளில் தெரியும் ஒளிவட்டங்களைக் கவனிக்க. அவை முழு வட்டமாக இருக்கவேண்டும். ஓரங்கள் சதுரம்போல் வெட்டுண்டு நிழல் தட்டியிருந்தால், உள்ளே மட்டமான முப்பட்டைக் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதாக, தொலைவிலுள்ள மின்கம்பியையோ கட்டடத்தின் விளிம்பையோ நோக்க. இரு குழல்களின் படங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் கம்பி இரண்டாகப் பிரிந்தால், குழல்கள் இணையாக இல்லை. சிறு பிழையாயின் கண் அதை வலிந்து இணைத்துக்கொள்ளும். ஆனால் கால்மணி நேரத்தில் நெற்றி வலிக்கும். குறி மாறும் துப்பாக்கிக் கண்ணாடி வேட்டைக்காரருக்கு எப்படியோ, அப்படியே இது நமக்கு. எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். மூன்றாவதாக, வெளிச்சமான வானத்தின்முன் நிற்கும் கரிய கிளையைப் பார்க்க. அதன் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக நிறக்கோடு தடித்துத் தெரிந்தால் வில்லை சிறந்ததன்று. ஓரளவு நிறக்கோடு பெரும்பாலான கருவிகளில் இருக்கும், மிகுதியே குற்றம்.

நான்காவதாக, நடுச்சக்கரம் சிக்கலின்றித் திரும்புகிறதா, திருப்பிய இடத்தில் நிற்கிறதா, கீல் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்க்க. பழைய கருவியை வாங்குவதாயின், முன்புறத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சி, உள்ளே பூஞ்சையின் இழைகள் உண்டா என்று அறியவேண்டும். கடைசியாக, பழுதுபட்டால் நம் நாட்டிலேயே சீர்செய்து தருவார்களா, உறுதிச்சீட்டு எத்தனை ஆண்டுக்கு என்பவற்றை எழுத்தில் பெறுக. தபாலில் தருவித்தால், வந்த அன்றே இச்சோதனைகளைச் செய்து, திருப்பியனுப்பும் தவணைக்குள் முடிவு செய்துவிடவேண்டும்.

எங்கே பார்ப்பது?

கருவி கையில் இருந்தால், நாம் வாழும் நகரம் எதுவாயினும் பார்ப்பதற்குப் பறவைகள் உண்டு. தில்லியில் உள்ளோருக்கு யமுனைக் கரையில் ஓக்லாவும், குருகிராமத்தை அடுத்துச் சுல்தான்பூரும் அருகிலுள்ளன. பம்பாயைச் சேர்ந்த தாணேக் கழிமுகத்தில் பூநாரைகள் பெருந்திரளாக வந்து சேற்றில் இரை தேடும்; அப்பகுதி 2015-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கல்கத்தாவின் எதிர்க்கரையான ஹௌராவில் சாந்த்ராகாச்சி ஏரிக்குக் குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் வருகின்றன. ஆமதாபாத்தில் உள்ளோர் நள் சரோவருக்கும், மைசூரில் உள்ளோர் ரங்கனத்திட்டுக்கும், குவாஹாத்தியில் உள்ளோர் தீபோர் பீலுக்கும் செல்லலாம். ஒரிஸாவின் சிலிகா ஏரிக்கரையில் மங்களஜோடி என்னும் சிற்றூர் உண்டு. முன்னாளில் அங்குப் பறவைகளைப் பிடித்து விற்றவர்களே பின்னர்க் காவலர்களாகி, இன்று வருவோரைப் படகில் ஏற்றிச் சென்று அப்பறவைகளைக் காட்டுகிறார்கள்.

அக்டோபர் முதல் மார்ச்சு வரை உள்ள மாதங்கள் இதற்கு ஏற்றவை. மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கிலும் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்து, இமயத்தைக் கடந்து வட இந்தியாவின் ஏரிகளில் இறங்குகிறது. அவ்வினத்துள் ஒரு பகுதி திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை சென்று குளிர்காலத்தைக் கழிக்கிறது. தலையில் இரண்டு கரிய பட்டைகள் உண்டா என்பதே அடையாளம். நல்ல கண்ணாடியில் அப்பட்டைகளை எண்ணலாம். மட்டமான கண்ணாடியில் அது வெறும் வாத்து. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, நம் ஊர்க் குளத்துக்கும் இதன் இனம் போகிறது என்று சொல்வதற்கு இந்த ஒரு வேற்றுமையே போதுமான காரணம்.

எச்சரிக்கைகள் சில சொல்லவேண்டும். தொலைநோக்கியை ஒருபோதும் கதிரவன்பால் திருப்பலாகாது. நொடிப்பொழுதில் பார்வை பறிபோகும். சிறுவர் கையில் கொடுக்குமுன் இதைச் சொல்லியே கொடுக்கவேண்டும். விமான நிலையம், துறைமுகம், படைமுகாம், எல்லைப்புறம், அணைக்கட்டு ஆகியவற்றின் அருகே தொலைநோக்கியுடன் நிற்பவர் ஐயத்துக்கு ஆளாவது இயல்பு. உள்ளூர் மொழி சரளமாகப் பேச வராதவருக்கு இன்னும் தொல்லை. அத்தகைய இடங்களில் முன்னதாக அனுமதி பெறுக; அன்றேல் வேறு இடம் செல்க. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது நெருங்கி நிற்கலாகாது. தாய்ப்பறவை திரும்பாவிடில் காக்கைக்கு விருந்தாகிவிடும். தொலைவில் நின்று பார்ப்பதற்காகத்தானே இக்கருவி.

துப்பாக்கி ஏந்தியவர் ஒரு பறவையை ஒரு முறையே பார்த்தார். கண்ணாடி ஏந்தியவர் அதே பறவையை மறுநாளும், மறுவாரமும், அது சென்று திரும்பும் அடுத்த பருவத்திலும் பார்க்கலாம். அதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. எண்ணைக் கண்டு மயங்காமல், வாயிலில் நின்று சோதித்து, எட்டு மடங்குள்ள ஓர் எளிய கருவியை வாங்கி, ஈரம் படாமல் காத்தால், பல்லாண்டு அது நமக்கு உழைக்கும். இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் நம் நகரத்து ஏரியில் இறங்கும் பறவைகளுள் பத்தின் பெயரையேனும் நாம் அறிந்துகொள்வோமாக.